தென்னஞ்சாமியின் கசப்புத் திருநீறு

கடல் ஊருக்குள் வந்து போய் ஒன்றரை வருஷம். சனம் இன்னும் தகரக் கொட்டில்களில் வெந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து விநாயகபுரத்துக்குத் தெற்கே ஒரு சாமியார் முளைத்தார். பெயர் தென்னஞ்சாமி. கடல் அவரைத் தூக்கித் தென்னை மரத்து உச்சியில் இருத்தி, கும்பிட்டுவிட்டுப் போனதாம். அப்படித் தென்னையில் தொங்கித் தப்பின ஆட்கள் கரை நெடுக இருந்தார்கள். அவர்கள் இறங்கி வந்து சோறு கேட்டார்கள். இவர் இறங்கி வந்து சேவல் கேட்டார். வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

காய்ச்சல்தான் அவர் தொழில். வெள்ளிக்கிழமை என்றால் கோமாரி, பாண்டிருப்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வான் பிடித்து வருவார்கள். கல்முனையிலிருந்து தொப்பி போட்ட ஆட்களும், "தண்ணிதானே, குடிச்சா என்ன" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்களும் வருவார்கள். நிவாரண அரிசிக்கு ஒரே வரிசையில் நிற்கச் சம்மதிக்காத சனம், ஏமாறுவதற்கு மட்டும் சாதி சமயம் பாராமல் நின்றது.

சாமி காசு தொடமாட்டார். எப்பேர்ப்பட்ட தியாகி பாருங்கள். "ஆசுபத்திரிக் குளிசை நஞ்சு. அதை அம்மாள்ட தட்டில போட்டாத்தான் அவ இறங்குவா" என்பார். மலேரியாவுக்கு அரசாங்கம் சும்மா கொடுத்த அந்த மாத்திரைகளைச் சனம் பக்தியோடு பித்தளைத் தட்டில் கொட்டும். தட்டு குடிலுக்குள் போகும். கொஞ்ச நேரத்தில் திருநீற்றுச் சட்டி வெளியே வரும். ஒரு நுள்ளுத் திருநீறு, ஒரு தம்ளர் தண்ணீர், உதட்டுக்குள் ஒரு மந்திரம்.

"கசக்குதா?"

"ஓம் சாமி."

"காய்ச்சல் கழலுது."

அடுத்த நாள் காய்ச்சல் தணியும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பத்து நாளில் காய்ச்சல் திரும்பி வந்தால், அது நம்பிக்கை குறைந்தவர் வீட்டுக் குற்றம்.

தங்கரத்தினம் நம்பிக்கையில் குறை வைக்காதவள். புருஷனையும் மூத்தவனையும் கடல் கொண்டுபோனது. மிஞ்சினது ஏழு வயது யதுசா ஒருத்திதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது குளிசையில் ஒன்றை ஊட்டினாள், மிச்சத்தைத் தட்டில் போட்டாள். இரண்டு தரம் தண்ணீர் குடித்து இரண்டு தரமும் காய்ச்சல் விட்டது. இப்போது மூன்றாம் தரம். பிள்ளை தலை தூக்கவில்லை, கண் மஞ்சளாகிக் கிடந்தது. "மூணாந் தண்ணியோட முடிஞ்சிரும், கறுத்தச் சேவல் ஒண்டு கொண்டு வா" என்று சொல்லியனுப்பியிருந்தார் சாமி. ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் சேவல். தங்கரத்தினம் வரிசையில் நின்றாள்.

அங்கேதான் நதீரா அவளைக் கண்டுபிடித்தாள். கல்முனையிலிருந்து வரும் மலேரியா உத்தியோகத்தர். வீடு வீடாகப் போய் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கடுதாசியில் ஒற்றி, அந்த வீடு எந்த இடமென்று கையடக்க மெசின் ஒன்றில் பதிந்துகொண்டு போகிறவள். வழியில் ஆமிக்காரர் நின்ற ஒவ்வொரு சென்ட்றியிலும் அந்த மெசினைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சாமியின் சட்டியை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அக்கா, பிள்ளையை வானில ஏத்துங்க. இப்பவே ஆசுபத்திரிக்குப் போகணும்."

"மூணாந் தண்ணியக் குடிச்சிட்டு வாறன் மிஸ்."

நதீரா ஏசவில்லை. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். சிவப்புப் புள்ளிகள்.

"குளிசை குடிச்சும் காய்ச்சல் திரும்பின ஆட்கள்ட வீடு இதெல்லாம். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பி, கிருமிட பரம்பரையப் பார்த்தாங்க. இருபத்திமூணு பேர்ட்டயும் இருக்கிறது ஒரே வயித்துப் புள்ளைகள், குளிசைக்குச் சாகாத சாதி. பாண்டிருப்பிலயும் அதுதான், கோமாரியிலயும் அதுதான். நுளம்பு அவ்வளவு தூரம் பறக்காது அக்கா. இவங்க எல்லாரும் எங்க வந்து நுளம்புக்கடி வாங்கிட்டுப் போறாங்க?"

தங்கரத்தினம் சுற்றிப் பார்த்தாள். குடிலுக்குப் பின்னால் கொசு மொய்த்த குட்டை. குட்டையைச் சுற்றி விடிய விடியக் காத்திருந்த சனம்.

"அரைகுறையா அடிச்ச பாம்பு பொல்லாதது. இஞ்ச ஆரோ கிருமியை நுள்ளு நுள்ளா அடிச்சுப் பழக்கிறாங்க" என்றாள் நதீரா.

அதற்குள் தட்டு முன்னே வந்துவிட்டது. தென்னஞ்சாமி கண்ணை உருட்டினார். "ஆர் அது, அம்மாளைச் சோதிக்க வந்தது?"

"அம்மாளை இல்ல, சட்டியை" என்றாள் நதீரா. "சாமி, கசப்பு மந்திரத்தாலதானே வருது?"

"பின்ன?"

"அப்ப அன்னதான அடுப்புச் சாம்பல்ல ஒரு நுள்ளுப் போட்டு ஓதுங்க. அதுவும் கசக்கத்தானே வேணும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முந்நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சாமி ஓதினார். வழக்கத்தைவிட நீட்டி, வேர்க்க வேர்க்க ஓதினார். தங்கரத்தினம் வாங்கிக் குடித்தாள்.

"சாம்பல்தான் மிஸ். கசப்பு இல்ல."

நதீரா சாமியின் சட்டியிலிருந்து ஒரு நுள்ளை இன்னொரு தம்ளரில் போட்டாள். வரிசையில் நின்ற மீன் வியாபாரி மீராசாஹிபுவிடம் அண்ணன் முறை சொல்லி நீட்டினாள். "காக்கா, இதுக்கு நீங்க ஓதுங்க."

"எனக்கென்ன மந்திரம் தெரியும் புள்ள?"

"தினமும் றோட்டில கத்துறதைச் சொல்லுங்க. அதே போதும்."

மீராசாஹிபு தொண்டையைச் செருமினார். "கீரி, சூடை, பாரை, வளையா. இப்பதான் கரைக்கு வந்த மீன்." பயபக்தியோடு தம்ளரில் ஊதியும் விட்டார்.

தங்கரத்தினம் ஒரு வாய் குடித்தாள். முகம் சுருண்டது. இரண்டு மாதத்துக்கு முன் யதுசா துப்பின குளிசையை விரலால் வழித்து மறுபடி ஊட்டி, அந்த விரலைத் தானே சப்பியவள் அவள். நாக்கு மறக்குமா?

"இது குளிசை," என்றாள். "என்ர புள்ளைக்கு முழுசாக் குடுக்க வேண்டிய குளிசை."

சட்டியைத் தட்டில் கவிழ்த்தாள். சாம்பலோடு அரைபடாத குளிசைத் துண்டுகள் விழுந்தன. அவர்களே கொட்டின குளிசை. அவர்களுக்கே நுள்ளு நுள்ளாய்ப் பிரசாதம்.

நதீரா தன் பதிவுக் கொப்பியைத் திறந்தாள். "போன மாசம் கல்முனைக்குச் சேட்டும் காற்சட்டையும் போட்டு ஒருத்தர் வந்தார். பேர் இளையதம்பி. ரத்தம் குத்தினது நான்தான், முகம் மறக்கல்ல. மருந்தை மூணு நாளும் ஒண்டு விடாம விழுங்கினார். இல்லையா சாமி?"

சாமி அங்கே இல்லை. குடிலின் பின்பக்க ஓலை ஆடிக்கொண்டிருந்தது. சேவல் ஒன்றுகூட எடுக்காமல் ஓடியதுதான் அவர் செய்த ஒரே துறவு.

யதுசா பிழைத்தாள். ஆசுபத்திரியில் புது மருந்து, பன்னிரண்டு நாள். தங்கரத்தினம் ஒவ்வொரு வேளையையும் கண் கொட்டாமல் பார்த்துக் கொடுத்தாள்.

ஆனால் சனம் சும்மா இருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஆசுபத்திரியில் நதீராவின் மைக்கிரோஸ்கோப்புப் பெட்டியில் சந்தனப் பொட்டு இருந்தது. பக்கத்தில் ஒரு கறுத்தச் சேவலும் கட்டியிருந்தது. "மிஸ்ட கை பட்டாக் காணும், காய்ச்சல் பறக்கும்" என்று கோமாரிக்காரர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நதீரா தலையில் கை வைத்தாள். தங்கரத்தினம்தான் போய்ச் சேவலை அவிழ்த்து அவர் கையில் திணித்தாள்.

"அண்ணே, குளிசையை மெல்லாம விழுங்கலாம். கதையை மென்று பார்த்துத்தான் விழுங்கணும். நான் மெல்லாம விழுங்கினதுக்கு என்ர புள்ள சாகப் பார்த்தவள்."