பை சாரும் ஒண்டித் தாழையும்

பை சார் வந்தபிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்தச் செடிக்கும் அந்தரங்கம் என்று ஒன்று இருந்ததில்லை. எது எதோடு சேர்கிறது, எது சேராமலே காய்க்கிறது என்று வேவு பார்க்கவே அவருக்குக் கல்லூரியில் சம்பளம் கொடுத்தார்கள். தாவரவியல் பேராசிரியர். சொந்தப் பெயர் எங்கள் படூர் குடியிருப்பின் காவலாளிக்குக்கூடத் தெரியாது. மொட்டு விடுகிற எதைக் கண்டாலும் வண்டு நுழையாத துணிப்பையை மாட்டிக் கட்டிவிடுவார். அதனால் பை சார். எங்கள் மாடிச் செம்பருத்தி ஒரு மாதம் முகமூடிக் கொள்ளைக்காரிபோல நின்றது. பூஜைக்குப் பறிக்க வந்தவர்கள் பையோடு பறித்துப் போனார்கள்.

நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அவரை அழைத்துப் போவது ஆபத்து. செங்கல்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையேறியவர் மாப்பிள்ளையின் மாலையைக் கையில் ஏந்திப் பார்த்து, "குண்டுமல்லி! பூக்கும், மணக்கும், காய்க்கவே காய்க்காது" என்றார். வாழ்த்துகிற குரலில்தான் சொன்னார். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா, இவரு உங்கூட வந்தவரா? சீக்கிரம் சாப்ட வச்சி இட்டுனு போ."

வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரே கேள்வி. துணையில்லாமல் காய்க்க முடிகிற செடி, அப்புறம் எதற்காகத் துணை தேடுகிறது? பாதி விடை, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் கடலோர மணலில் ஒரு தாழம்புதராக நின்றது. தாழையில் ஆண் வேறு, பெண் வேறு. கடையில் விற்கிற, மணக்கிற பூ ஆண், காய்க்கிறது பெண். இது பெண். சுற்றுவட்டாரத்தில் ஆண் தாழையே இல்லை என்று மணலில் அலைந்து உறுதி செய்திருந்தார். மொட்டிலேயே பை கட்டி, மகரந்தம் ஒரு துகள்கூட நுழையாமல் அது காய்த்துவிட்டால் போதும். அந்த வருஷத்தோடு அவருக்கு ஓய்வு. மழை முடிந்ததும் மனையை வாங்கியவர்கள் விடுதி கட்டப் புதரைத் தள்ளிவிடுவார்கள். இன்னொரு பூப்பு கிடையாது.

பை கட்டுகிறபோது எதிரே டீக்கடை வைத்திருந்த செல்வி அக்கா வந்து நின்றார்.

"எதுக்கு சாரு கட்ற?"

"காய்க்கணும்மா. அதுக்குத்தான்."

ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக அவர் எங்கேயும் விளக்கியதில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

அடுத்த முறை அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது புதரெங்கும் மஞ்சள் துணி. ரவிக்கைத் துண்டுகளில் சின்னச் சின்னத் தொட்டில்கள். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் முள் குத்தக் குத்தக் கட்டியிருந்தார்கள். அவருடைய மூன்று பைகளுக்கும் குங்குமப் பொட்டு.

"கோயிலே தொறந்துட்டீங்க சார்" என்றேன்.

"வெளியில என்ன கட்டினாலும் பரவாயில்ல. உள்ள ஒண்ணும் போகலையே" என்று ஒரு பையின் அருகில் மூக்கைக் கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார். பையை அவிழ்த்தார். உள்ளே, பெண் பூவின்மீது சாய்ந்து படுத்திருந்தது மணமணக்கும் ஒரு தாழம்பூ. மகரந்தப் பொடி கொட்டிக் கிடந்தது.

செல்வி அக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

"நாந்தான் சாரு வச்சேன். மூணு பையிலயும் வச்சேன். பஜார்ல வாங்கினது, நல்ல பூ. எம்பொண்ணுக்குக் கண்ணாலம் ஆயி வருசம் ஓடிகினே கீது, வவுத்துல ஒண்ணும் தங்கல…"

"அது ஆண் பூம்மா!" கத்தியேவிட்டார்.

"அப்பிடியா?" அக்காவின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சி. பாவம், இது ஒண்டியா நிக்குதேன்னு நெனச்சிகினே இருந்தேன்."

நான் மெல்ல வண்டிப்பக்கம் நகர்ந்தேன். இத்தனை வருஷத்து உழைப்பு கண்ணெதிரே போயிருக்கிறது, இனி வெடிப்பார். அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பாட்டுக்கு இரைந்தது. தொட்டில்கள் ஆடின.

"புள்ள தங்கும்தான சாரு? நீ படிச்சவரு, சொல்லு."

ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதாத மனிதர். "தங்கும்மா" என்றார். பூவை வெளியே எடுக்கவில்லை. காற்றில் அவிழ்ந்துவிடாதபடி பையை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

கேளம்பாக்கம் வழியாக வண்டியில் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் சட்டையைக் கழற்றியபோது அதன் தோளில் அவர் விரல்கள் மகரந்த மஞ்சளில் பதிந்திருந்தன. அதைச் சலவைக்குப் போட எனக்கு வெகுநாள் மனசு வரவில்லை.