சம்பந்தியின் திறந்த கட்டுரை

திருக்கோகர்ணம்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி ஆண்டிச்சாமி அவர்களுக்கு,

முத்துராமன் கைகூப்பி எழுதுவது. இங்கே என் வயிற்றைத் தவிர அனைவரும் நலம். அது பத்து நாளாக எரிகிறது. காரணம் உங்கள் நிலக்கடலைக் கட்டுரை.

என் மகளும் உங்கள் மருமகளுமான அன்புமொழி போனில், "அப்பா, கடலை எலையில புள்ளி விழுமே, அந்த டிக்கா நோயப் பத்தி மாமா எழுதுனது ஆராய்ச்சி இதழ்ல வந்திருச்சு. பூட்டெல்லாம் கெடையாது, ஒலகத்துல யாரு வேணாலும் எறக்கிப் படிக்கலாம். லிங்க் அனுப்பிருக்கேன், பாருங்க" என்றாள். முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவன் நான்; எனக்காக அந்தக் குரல் ஒருநாளும் அப்படிப் பூரித்ததில்லை. அதே நோயைப் பற்றி 1998லேயே பள்ளி ஆண்டு மலரில் எழுதியிருக்கிறேன். அது என் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, உங்களுடையது திறந்து கிடக்கிறது. திறந்த வீட்டில் எது நுழையும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் லிங்கைத் தொட்டேன், மறைப்பானேன். பதிவிறக்கம் மூன்று என்று போட்டிருந்தது. மூன்றே பேர்! வயிறு குளிர்ந்தது. நானும் அமுக்கினேன், ஒன்றும் வரவில்லை, மறுபடி அமுக்கினேன், அப்போதும் வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் பதினான்கு. மறுநாள் இருபத்தாறு. எனக்கு மட்டும் திறக்காத கட்டுரையை எந்த ஊர்க்காரன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறான்? "அந்தப் போனக் கீழ வச்சுட்டுச் சாப்பிடுங்க, ரசம் ஆறுது" என்கிறாள் என் மனைவி அமராவதி. சோறு இறங்கினால்தானே! நேற்று அறுபத்து மூன்று. அதைக் காட்டித்தான் குளத்தூரில் உங்களுக்கு ஞாயிறன்று பொன்னாடையாம். என் கட்டுரையைப் பார்த்து எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை, நினைக்கிறேன். ஆகவே விழாவுக்கு வர இயலாது.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பேரனுக்கு என் ஆசிகள்.

தங்கள் உயர்வில் மகிழும்,
சி. முத்துராமன்

பி.கு: கவரை ஒட்டும்போது அன்புமொழி உங்கள் வீட்டிலிருந்து வந்து இறங்கினாள், என் போனை வாங்கிப் பார்த்தாள். "என்னப்பா, ஒரே கட்டுரை அறுபது தடவ எறங்கிக் கெடக்கு! ஒண்ணக்கூடத் தொறக்கலையா?" என்று சிரித்தவள், ஒன்றைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மேற்கோள் பட்டியலில் ஏழாவதாக நானும் என் ஆண்டு மலரும். "நாந்தான் பீரோவுலேருந்து எடுத்து மாமாகிட்டக் குடுத்தேன்" என்கிறாள். கடிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஞாயிறு வருகிறேன், முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். ஒரே குறை, என் இனிஷியல் 'சி'. 'தி' என்று போட்டிருக்கிறீர்கள். திருத்தியதும் சொல்லுங்கள், மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டும்.