ரெண்டாம் தரத்தில் நின்ற ஏலம்

வாழி சுரேஷ்கண்ணன்! உத்தமபாளையத்து வாழைக்காய் மண்டியின் வெண்கலத் தொண்டையோன்! 'ஒரு தரம்' என்று அவன் வாய் திறந்தால் கம்பத்து யாவாரி காதைத் தீட்டிக்கொள்ள, கேரளத்து லாரி டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைக்க, கூட்டத்தில் எவன் புருவம் அசைந்தாலும் அதையும் ஒரு விலைக்கேள்வியாக்கி, வெயில் ஏறுமுன் ஆயிரம் தாரை விற்றுத் தள்ளும் வாய்வீரன்! பதினான்கு ஆண்டு மதுவேந்தனுக்குக் கப்பம் கட்டிச் சலித்து, நாற்பத்தோரு நாளாக அவன் எல்லையை மிதியாத நோன்பாளன்! அன்னவன் ஒரு மாலை ஆறு மணிக்கு, தன் வீட்டு மொட்டைமாடியில், பிளாஸ்டிக் நாற்காலி என்னும் சிங்காதனத்தில் கண்மூடி அமர்ந்து நிகழ்த்திய இருபது நிமிடப் பெரும்போரைக் கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை.

தோற்றால் நாடு போகாது, மணிமுடி போகாது, முனீஸ்வரி போய்விடுவாள். "இன்னொரு தடவ அந்த வாடை இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு கடமலைக்குண்டு போயிருவேன். அங்கன எங்க அண்ணன் இருக்காக" என்று அந்த மனையாட்டி முன்பே பிரகடனம் செய்திருந்தாள். அவள் சும்மா சொல்கிற ஆள் அல்ல.

ஆகவே அவன் ஏந்திய ஆயுதம் தியானம். அதை வழங்கியவன் தேனியில் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகனாக இருக்கும் ராயப்பன்பட்டி ஜோயல், வயதில் சின்னவன். "எண்ணம் வந்தா விரட்டாதீகண்ணே, சண்டைக்கும் போகாதீக. வந்திருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு மூச்ச மட்டும் பாருங்க. அவனா போயிருவான்." கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது! மூச்சைப் பார்ப்பதாம். மூச்சென்ன வாழைத்தாரா, சீப்புச் சீப்பாகப் பார்க்க?

ஐந்து நிமிடம் களம் அமைதி காத்தது. ஆறாம் நிமிடத்தில், சால்னா மணம் கொடிபிடித்து முன்செல்ல, சோடா உடைக்கும் ஓசை முரசாய் அதிர, அவித்த கடலையும் ஆம்லெட்டும் புடைசூழ, வந்தானய்யா குடியெண்ணம் என்னும் கொடுங்கோலன்! "நாற்பத்தோரு நாள் வென்ற நாயகனே! உன்னிடம் ஒரே ஒரு கட்டிங்தான் கேட்கிறேன்!" என்று முழங்கினான்.

மூச்சைப் பார்த்திருக்க வேண்டிய நம் வீரன் என்ன செய்தான்? தொழில் புத்தி! ஒரு கேள்வி காதில் விழுந்துவிட்டால் அதை அந்தரத்தில் விட அந்த நாக்குக்குத் தெரியாது. 'ஒரு கட்டிங்… ஒரு கட்டிங்… மேல கேளு!' என்று உள்ளுக்குள் கூவிவிட்டான், பாவி. கூவினால் சும்மா இருப்பார்களா? முதுகுவலி என்னும் சிற்றரசன் 'குவார்ட்டர்!' என்றான். காலையில் மண்டியில் யாவாரி விஜய்பாண்டி பத்துப்பேர் முன்னால் 'குடிகாரப் பய' என்று ஏசிய அவமானம் கொதித்தெழுந்து 'ஆஃப்!' என்றது. 'இத்தன நாளு இருந்துட்டமே' என்ற பெருமை, அது எந்தப் படையில் இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை, 'ஃபுல்!' என்று கை தூக்கியது.

எகிறிற்று ஏலம். எச்சில் ஊற, உள்ளங்கை வியர்க்க, கால்விரல்கள் நாற்காலிக்கடியில் செருப்பைத் துழாவ, 'ஃபுல்லு ஒரு தரம்!' என்றது உள்வாய். 'ஃபுல்லு ரெண்டு தரம்!' என்றது. இனி ஒரே சொல் பாக்கி. அது விழுந்தால் சரக்கு கைமாறிவிடும். மண்டிச் சட்டம் அப்படி. அவனுக்கு அழுகை வந்தது.

அக்கணமே உதித்தது பேரறிவு. மூணாவதைச் சொல்ல வேண்டிய ஆள் யார்? நான்தானே! நான் சொல்லாமல் எந்தக் கொம்பன் சரக்கைத் தூக்குவான்? இருபது வருடத் தொழிலில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தான் சுரேஷ்கண்ணன். ரெண்டாம் தரத்தோடு வாயை மூடிக்கொண்டான்.

ஏலம் கேட்டவர்கள் திகைத்தார்கள். 'மூணுன்னு சொல்லித் தொலைப்பா!' என்று கூச்சலிட்டார்கள். அவனோ மூச்சு உள்ளே போவதைப் பார்த்தான், வெளியே வருவதைப் பார்த்தான். முடிக்காத ஏலத்தில் யாவாரி எவ்வளவு நேரம் நிற்பான்? அவமானம் முணுமுணுத்துக்கொண்டே போனது. முதுகுவலி போகவில்லை, ஆனால் கேட்பதை நிறுத்திவிட்டது. பெருமைக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கொடுங்கோலன்தான் கடைசிவரை நின்று, 'நாளைக்கு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். வரட்டும்.

செல்போன் அலாரம் வெற்றிச்சங்கு ஊதியது. கண் திறந்தால், படிக்கட்டின் உச்சியில் முனீஸ்வரி. எந்நேரமாக நின்றாளோ! கிட்ட வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். நாற்பத்தோரு நாளாகப் பொழுது சாய்ந்தபின் உப்பு வாங்கக்கூட அவனைத் தனியே விடாத அக்காவல்தெய்வம், ஒரு பையை நீட்டி அருளியது: "ஏங்க, மாவு தீந்துபோச்சு. போயி வாங்கிட்டு வாங்க. நான் வரல."

மாவுக்கடை ஒயின்ஷாப்பைத் தாண்டித்தான் என்று இருவருக்கும் தெரியும்.

சுரேஷ்கண்ணன் போய் ரெண்டு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு கால்மணி நேரத்தில் வீட்டுக்கு வந்தான்.