ஜப்பான் மொழியில் ‘கேர்’

“‘முதியோரை நினைத்துக் கவலைப்படுகிறேன்’னு எழுதியிருக்க” என்றார் ஜப்பான் மொழி சொல்லித்தரும் ஜிப்ரியா டீச்சர். “கவலைப்பட அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்க. நீ என்னாத்துக்கு?”

கிருஷாந்தி சொல்ல நினைத்தது ஆங்கிலத்தில் ஒரே வரி: ஐ கேர் ஃபார் ஓல்ட் பீப்பிள். ஜப்பான் முதியோர் இல்லம் ஒன்றின் வேலைக்குத் திங்கட்கிழமை டீச்சரின் வகுப்பிலிருந்து வீடியோவில் நேர்முகத்தேர்வு. போன தடவை தோற்றவள். இந்தத் தடவையும் தோற்றால் அந்த இல்லம் மறுபடி கூப்பிடாது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் ஆறு வருஷமாகக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு, ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்பதை ஜப்பான் மொழியில் சொல்ல வரவில்லை.

அகராதியில் ‘கேர்’ என்ற சொல்லுக்கு ஏழெட்டு அர்த்தங்கள் வரிசையில் நின்றன. இரண்டாவதை எடுத்து எழுதினாள்.

“இப்ப ‘முதியோரிடம் எச்சரிக்கையா இருப்பேன்’னு வருது. அவங்க என்ன கடிக்கவா போறாங்க?”

மூன்றாவதைப் படித்துவிட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். கிழவர்கள் மேல் இவளுக்கு ஒரு கண் என்று அது சொல்கிறதாம். இந்தத் தாள் உன் வீட்டுக்காரர் கண்ணில் பட வேண்டாம் என்றார்.

கடைசியில் டீச்சரே எழுதிக் கொடுத்தார்: ஒசெவா கா ஷிதாய் தெஸ். பார்த்துக்கொள்ள ஆசை என்று அர்த்தமாம். ‘நான்’, ‘முதியோர்’ எதுவும் அதில் கிடையாது. அவர்கள் பேச்சு அப்படித்தான். ‘ஒசெவா’வுக்கு நம்ம ‘சேவை’யை நினைத்துக்கொண்டால் மறக்காது என்றார். சரியென்று கிருஷாந்தி தலையை இரு பக்கமும் ஆட்டினாள்.

திங்கள் காலை மண்சரிவு ஹட்டன் ரோட்டை மூடிவிட்டது. டீச்சரின் வகுப்புக்குப் போக வழியில்லை. லயத்து வீட்டில் சிக்னல் இல்லை. கணவன் விஜிதரன் அவளைத் தேயிலை மலை உச்சிப் பாறைக்குக் கூட்டிப்போய் போனை உயர்த்திப் பிடித்தான். கொஞ்சம் இறக்கினாலும் படம் நின்றது.

“கையை இறக்காதீங்க.”

“நீ வெரசா வேலையை வாங்கு. எனக்குத் தோள் கழண்டுரும் போல.”

திரையில் கோட் போட்ட மூன்று பேர். ஓரத்தில், வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு டீச்சர். கிருஷாந்தி தன் வரியைப் பிசிறில்லாமல் சொன்னாள். அதுதான் வினையாயிற்று. இவ்வளவு வருகிறவளுக்கு மீதியும் வரும் என்று நம்பி, அவர்கள் சரசரவென்று கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவில்லை என்றால் வேலை போய்விடும். முதல் கேள்விக்கு, தோட்டத்துத் துரை முன்னால் ஆட்டுவதுபோலப் பணிவாகத் தலையை இரு பக்கமும் ஆட்டினாள். இரண்டாவதற்கு இன்னும் பலமாக. மூன்றாவதற்கு ஆட்டிய ஆட்டலில் ஒரு காதுத் தோடு கழன்று தேயிலைக்குள் விழுந்தது.

சாயங்காலம் மறுபடி பாறையேறி டீச்சரைக் கூப்பிட்டாள்.

“என்ன கேட்டாங்கன்னு தெரியுமா? கஷ்டம்னா பாதியில ஓடிருவியான்னு. ஆட்டுன. வயசானவங்க தொந்தரவு பண்ணா கத்துவியான்னு. ஆட்டுன. கைநீட்டி அடிப்பியான்னு கேட்டதுக்குத் தோடு விழுற அளவுக்கு ஆட்டுன.”

கிருஷாந்தி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் பிள்ளை மடுவத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

“அவங்க ஊருல தலையை அப்படி ஆட்டுனா ‘மாட்டேன்’னு அர்த்தம்” என்றார் டீச்சர். “இவ்வளவு உறுதியாச் சொன்ன பிள்ளையை இதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம். பாஸ்போட்டை எடுத்துக்கிட்டு வா.”