இரண்டு சட்டித் தயிரும் ஒரு நிறுவலும்

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று உண்மை என்று தெரிந்தால் அதை நிறுவாமல் விடமாட்டார்கள். உண்மையைத் தெரிந்துகொண்டும் பேசாமலிருப்பவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்பதை, மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்தான் நான் கற்றேன்.

மகள் ஷாலினி வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறாள். அதைக் கொண்டு, பிளாக்செயினில் டிஜிட்டல் காசு அனுப்புபவர் தன் பெயரையோ கணக்கிலுள்ள இருப்பையோ காட்டாமல், 'சட்டம் கேட்கும் சோதனைகளில் தேறியவன்' என்பதை மட்டும் சில செக்கன்களில் நிறுவிவிடலாம். பூச்சிய அறிவு நிறுவல் என்று பெயர். (எனக்கு விளங்க மூன்று மாதம் எடுத்தது. மனைவிக்கு இன்னும் விளங்கவில்லை. அதனால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை.)

அவள் விரும்பிய பிரதீபன் பெற்றோரோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். ஆகவே வருகிறவர்கள் பெண்ணைவிட வீட்டைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். கடைசியில் இரண்டு சட்டி எருமைத் தயிர் மேசைக்கு வந்தது.

"ரெண்டும் கரடியனாத்துல என்ட தம்பிர எருமைப் பட்டித் தயிர். நேத்து ஒண்டா உறைய வச்சது" என்றாள் மனைவி. சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது.

அவர் கணவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். அவருக்குத் தயிர் முக்கியமில்லை.

"மாஸ்டர், மகள் செய்யிறது கொயின் வேலையாமே? களவுக் காசு ஒளிக்கிறதெண்டு கதைக்கிறாங்க. அடையாள அட்டை பாக்காம நான் ஒரு கணக்கும் திறந்ததில்ல. ஆளக் காட்டாம ஆள் சரியெண்டு எப்படிக் காட்டுற?"

பிரதீபனின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஷாலினி, "அங்கிள், அது என்னெண்டா..." என்று தொடங்கினாள். நான் கையை உயர்த்தித் தடுத்தேன். (தகப்பன் இருக்கும்போது மகள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?)

"இந்த ரெண்டு தயிருக்கும் வித்தியாசம் இரிக்கி. எனக்கு அது தெரியும். என்ன வித்தியாசம் எண்டு சொல்லாமலே நிறுவிக் காட்டுறன், பாருங்க."

"இஞ்சேருங்க" என்றாள் மனைவி. அது எச்சரிக்கை என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு தயிரையும் ஒரே மாதிரியான இரண்டு கோப்பைகளில் எடுக்கச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சம்பந்தியம்மா ஒவ்வொரு முறையும் தான் விரும்பிய கோப்பையிலிருந்து ஒரு கரண்டி தந்தார். 'முன்னையதுதான்', 'மாத்திட்டீங்க' என்று மட்டும் சொன்னேன். பத்து முறை. பத்தும் சரி. திரும்பிப் பார்த்தால், முகாமையாளர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார்.

"குருட்டு வாக்கில பத்தும் சரிவராது" என்று ஒப்புக்கொண்டார்.

"ஆகவே ரெண்டும் வேற வேற. நிறுவியாச்சு. எப்படிக் கண்டுபிடிச்சன் எண்டது என்ட ரகசியம். இதுதான் மகள்ர வேலை."

கைதட்டலை எதிர்பார்த்தேன். வந்தது ஒரு கேள்வி.

"ஒரே பட்டியில ஒண்டா உறைஞ்சதெண்டுதானே கா சொன்னீங்க?" என்று சம்பந்தியம்மா என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

இங்கே ஒரு சிறு தகவல் சொல்ல மறந்துவிட்டேன். மைத்துனர் கொண்டுவந்த சட்டிகளில் ஒன்று மோட்டார் சைக்கிளிலேயே உடைந்துவிட்டது. மனைவி சொல்லி, பதிலுக்குக் கடையில் ஒன்று வாங்கி, விலைத் துண்டைக் கிழித்தெறிந்து, மற்றதோடு சேர்த்து வைத்தது நான்தான். அன்று காலைதான்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. பிரதீபன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். ஷாலினி மட்டும் நிதானமாகச் சொன்னாள்:

"அப்பா, நிறுவல்ல பிழையில்ல. நிறுவ எடுத்த விஷயம்தான் பிழை."

கல்யாணம் போனது என்று முடிவுசெய்து மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் சம்பந்தியம்மாவின் சிரிப்புக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னார்:

"என்ட மகன இந்த வீட்டில பயமில்லாம விடலாம். ஒண்ட ஒளிக்கச் சொன்னாலும் இந்த மனிசனுக்கு ஏலா."

இப்போது பிரதீபன் எங்களோடுதான் இருக்கிறார். தயிர்ச் சட்டி மேசைக்கு வந்தால், "மாமா, திரும்பி நில்லுங்க" என்பார். வீடே சிரிக்கும்.

போன ஞாயிறு மனைவி, "வாவி றால், விடியப் பிடிச்சது" என்று விருந்தாளிகளுக்குப் பரிமாறினாள். ஒரு வாய் வைத்ததுமே அந்த இறால் விடியப் பிடித்ததில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மருமகன் என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள்.

நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.