நிரந்தரக் கோப்பை

மாமா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததை நம் வீட்டுக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், அம்மா ஒட்டவைத்துப் படிப்பாள்.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மாமா அவர்களுக்குக் கீழ் அறையிலிருந்து உங்கள் மருமகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலமாக இல்லை. மாடியில் நீங்கள் நலம் என்பது கூரை வழியாக இறங்கும் குறட்டையில் தெரிகிறது. நேரில் வந்து எழுப்பலாம்தான். ஆனால் மாடிப்படி அப்பாவின் கட்டிலை ஒட்டிப் போகிறது, அதில் நாலாவது படி கத்தும். அதனால் கடிதத்தை உங்கள் ஷூவுக்குள் வைக்கிறேன். வலது ஷூ. காலை விடுவதற்கு முன்னால் கையை விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவளை உங்களுக்குத் தெரியும். குரல் மெல்லிசு என்பதால் வகுப்பே அவளைக் கொசு என்று கூப்பிடும். அவள் அப்பா நூலகர். வெளிநாட்டில் ஒரு பெரிய நூலகத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதிவைத்திருக்கிறார். பதினாறு நாளாக ராத்திரி சாப்பாட்டைக்கூட கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிட்டு எழுதியது. சான்றிதழ் படங்களோடு சேர்த்து எல்லாம் ஒரே ஃபைல். நாளைக் காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வேலை கிடைத்தால் குடும்பத்தோடு போய்விடுவார்கள், கொசுவும்தான். அது அவர்கள் சொந்த விஷயம், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ஃபைலைத்தான் இன்று மாலை ஐந்தேகால் மணிக்கு நாங்கள் இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

வேண்டுமென்று செய்யவில்லை மாமா. உதவி செய்யத்தான் போனேன். "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சுடி, அப்பா ஊர்ல இல்ல, வந்து பார்த்தா மயங்கி விழுந்துடுவார்" என்று கொசு அழுதாள். எங்கள் மாமா கம்ப்யூட்டர் மெக்கானிக், எனக்கும் பாதி தெரியும் என்று நான் வகுப்பில் சொல்லிவைத்திருந்தேன். முழுசும் தெரியும் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். அதனால் போகாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஸ்க்ரூ டிரைவர் பையைக் கேட்காமல் எடுத்துப் போனது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள். சின்ன டிரைவர் இப்போது கொஞ்சம் வளைந்திருக்கிறது, அதையும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் செய்கிற மாதிரியே பெட்டியைச் சுற்றி வந்து "ம்ம்" என்றேன். கொசுவுக்கு அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி தலையணைப் பஞ்சு மாதிரி இருந்தது. ஊதினேன். அது பெட்டியை விட்டு வெளியே வந்து கொசுவின் மூக்குக்குள் போனது. அவள் தும்மியதில் ஸ்க்ரூ எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. கழற்றியது ஆறு, தேடி எடுத்து மாட்டியது ஐந்து, கையில் மிச்சம் மூன்று. இது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்போது பார்த்து அவள் அம்மா உள்ளே வந்தார்.

"என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

"படிக்கிறோம் ஆன்ட்டி."

"புத்தகம் எங்க?"

"உள்ள இருக்கு ஆன்ட்டி."

"கம்ப்யூட்டருக்குள்ளயா?"

நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷி.

கடைசியில் நோய் கிடைத்தது மாமா. பெட்டிக்குப் பின்னால் கரண்ட் வயர் லூசாக இருந்தது. மேஜைக்கு அடியில் படுத்து வயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் உயிர் வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது. நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே படுத்துக்கொண்டேன். திரையில் வருவதைக் கொசு வாசித்துச் சொல்ல வேண்டியது, என்ன செய்வது என்று நான் அடியிலிருந்து சொல்ல வேண்டியது. அவள் அப்பா நூலகர் ஆயிற்றே, கம்ப்யூட்டர்கூட வீட்டில் தமிழில்தான் பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிவைத்திருக்கிறார்.

"என்னடி சொல்லுது?"

"உள்ள இடமே இல்லையாம். இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கிறதோட பேரெல்லாம் வரிசையா காட்டுது. முதல் பேரைத் தொட்டேன்."

"தொட்டா?"

"'இந்தக் கோப்பை அளிக்கவா'ன்னு கேக்குது."

கொசுவுக்கு ழ வராது. மழையை மளை என்பாள், கிழமையைக் கிளமை என்பாள். கம்ப்யூட்டர் கேட்டது 'அழிக்கவா' என்று. இவள் வாய் வழியாக வரும்போது அது 'அளிக்கவா' ஆகிவிட்டது. ஃபைலுக்குக் கோப்பு என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? கோப்பை என்றால் விளையாட்டில் ஜெயித்தால் கொடுப்பார்களே, அந்தக் கோப்பைதானே? கம்ப்யூட்டரைப் பிழைக்கவைத்ததற்குப் பரிசு கொடுக்கிறதாக்கும் என்று நினைத்துவிட்டேன்.

"குடுத்தா வாங்கிக்கடி! இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆமாம்னு அமுக்கு."

"மறுபடியும் கேக்குதுடி. 'நிரந்தரமாக அளிக்கவா'ன்னு."

நிரந்தரமாக! எங்கள் பள்ளியில் கொடுப்பதெல்லாம் சுழற்கோப்பை மாமா, வருஷம் முடிந்தால் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக நிரந்தரமாக ஒன்று கிடைக்கிறது. நான் மேஜைக்கு அடியிலிருந்து "அமுக்குடி, அமுக்குடி!" என்று கத்தினேன். அமுக்கிவிட்டாள். கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓட ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

"அப்பாவோட ஃபைலைக் காணோம்டி" என்றாள் கொசு.

அப்போதுதான் எனக்குக் கோப்பு வேறு, கோப்பை வேறு என்று விளங்கியது.

மாமா, அழித்தது உடனே போய்விடாது, அதன்மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் தோண்டி எடுத்துவிடலாம் என்று நீங்களே ஒருநாள் சாப்பிடும்போது சொன்னீர்கள். அதனால் கம்ப்யூட்டரை அணைத்து, போர்வை போர்த்தி, 'தொடாதீர்கள், ஓய்வில் இருக்கிறது' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். அவள் அப்பா கடைசி பஸ்ஸில் வருவார், வந்ததும் படுத்துவிடுவார். நீங்கள் காலை ஏழு மணிக்குள் அங்கே போய்விட்டால் பத்து மணிக்குள் எடுத்துக் கொடுத்துவிடலாம். இந்தப் பக்கமாக வந்தேன், சும்மா எட்டிப் பார்த்தேன் என்று சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு மாதம் உங்கள் சட்டைகளை எல்லாம் நானே இஸ்திரி போடுகிறேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று நீங்கள் எதை ஊதுகிறீர்கள் என்பதையும் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். இது மிரட்டல் இல்லை, மரியாதை.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், பதவி உயர்வோடு, முடி கொட்டாமல் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

கீழ்ப்படிதலுள்ள மருமகள்.

பி.கு.: மாமா, ஏழு மணிக்குப் போக வேண்டாம். பதினோரு மணிக்குப் போனால் போதும்.

கையெழுத்துப் போட்ட பிறகு பொய்யோடு அனுப்ப மனசு வரவில்லை. கொசுவுக்கு ழ வராது என்பது உண்மை. ஆனால் இன்றைக்கு வந்தது. இரண்டாவது தடவை நிறுத்தி நிதானமாக, நாக்கை மடித்து, 'நிரந்தரமாக அழிக்கவா' என்று டீச்சரே கைதட்டுகிற மாதிரி வாசித்தாள். பிறகு அமுக்காமல் காத்திருந்தாள். எனக்கு அவள் கால் மட்டும்தான் தெரிந்தது, பெருவிரல் தரையைக் கீறிக்கொண்டே இருந்தது. நான் என் கட்டைவிரலை எடுத்திருந்தால் கம்ப்யூட்டரே அணைந்திருக்கும். எடுக்கவில்லை. நான் கத்தவும் இல்லை மாமா. மெதுவாகத்தான் 'ஆமாம்' என்றேன்.

அவள் வெளிநாடு போய்விட்டால் அப்புறம் அந்தப் பெஞ்சில் என்னோடு யார் உட்காருவது?

ஆனால் அந்த மனுஷர் பதினாறு நாள் தூங்காமல் எழுதினார். அதனால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். இல்லை, ஒன்பதரைக்கு. தேடிப் பாருங்கள், ஆனால் ரொம்பத் தேடாதீர்கள். கிடைத்தால் முதலில் என்னிடம்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. "லைட்டைப் போட்டுக்கிட்டு என்னடி பண்ற? எந்திரிச்சு வா. உன் சிநேகிதியோட அப்பா கையில நீ எழுதின சீட்டோட வாசல்ல நிக்கிறார். மாமாவை எழுப்பட்டுமான்னு கேட்டேன், வேண்டாமாம். உன்னைத்தான் பார்க்கணுமாம்."

மாமா, இதை இப்போது எங்கே ஒளி