ஏரியின் வாயைத் துடைத்த கதை

அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் ஒன்று இருந்தது. இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் ஏழு வருடமாகத் துப்புரவு வேலை. என் காலடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடித் தூசி எழும்பி ஓடும் (என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்).

மகள் நிலாவுக்கு அந்த ஜூனில் எட்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை. ஆசிரியர்கள் முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டும். அது முடிய வேறு பள்ளிக்கூடம் தேர வேண்டும்; அவளுக்கு விஞ்ஞானம் படிக்க ஆசை. ஓர் ஆசிரியையோ, "உன் இத்தாலியன் காணாது, சமையல் பள்ளிக்கூடத்துக்குப் போ" என்று சொல்லியிருந்தார். அந்த வாயை மூட வைக்கத்தான் பிள்ளை இரண்டு கிழமை நித்திரை முழித்து ஓர் ஏரி செய்தாள்.

பலகையில் களிமண் மலைகள், நடுவில் ஆழமான பள்ளம், முன்னால் நீலத்தாளில் கடல். சமைக்கும்போது பின்னால் நின்று விளங்கப்படுத்தினாள்.

"பனியாறு மலையைக் குடைஞ்சு பள்ளம் வெட்டினது அம்மா. பனி உருக, கடல் உள்ளை வந்திட்டுது. அதுதான் ஃபியோர்டு. பனி தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் வாயிலை குவிஞ்சு கிடந்தது. அதுக்குப் பேர் மொரேனா. பனியின்ரை பாரம் போக நிலமும் எழும்பிச்சு. கடல் வெளியிலை நிண்டிட்டுது, உள்ளை நல்லதண்ணி ஏரி. கேக்கிறியளோ?"

"ஓம் ஓம்" என்றேன். கறிக்குக் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

பரீட்சையன்று காலை அவள் குளிக்கப் போனாள். பலகையைப் பார்த்தேன். ஐயோ! பள்ளத்தின் வாயில் சேறு, பரல்கல், காய்ந்த வேர். என் மனுசனுக்குச் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. அவருடைய சப்பாத்து மண் எங்கள் கறித்தூள் டப்பாவுக்குள்ளும் கிடைக்கும். "இந்த மனுசனுக்குச் சப்பாத்தைக் கழட்டி வைக்க வேற இடம் கிடைக்கேல்லையோ!" என்று திட்டித் திட்டிக் கரண்டியால் சுரண்டி, வினாகிரித் தண்ணீரால் துடைத்து, வெள்ளைத் துணியால் மூடியும் வைத்தேன். (அவர்தான் அந்த மண்ணை மகள் கேட்டுப் பையில் அள்ளி வந்தவர். பாவம்.)

மண்டபத்தில் தாய்மார் வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி இருந்தேன். நிலா துணியை எடுத்தாள். ஆசிரியர்களின் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே பள்ளத்துக்குள் தண்ணீரை ஊற்றினாள். ஏரி நிற்கவில்லை. கடலைத் தாண்டி, மேசையைத் தாண்டி, புள்ளி போடும் தாள்களை நனைத்து, தலைமை ஆசிரியரின் வெள்ளைக் காற்சட்டையில் போய் நின்றது.

"அம்மா, மொரேனா எங்கை?"

"அந்தக் குப்பையோ? துடைச்சுப்போட்டன்."

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்த துணியோடு ஓடிப்போய் அந்த மனிதரின் தொடையைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் நாற்காலியோடு பின்வாங்கினார். சமையல் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்ன ஆசிரியை சிரிப்பை அடக்கினார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பிள்ளையின் படிப்பை என் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டேனே!

"அம்மா, இருங்கோ!" என்றாள் நிலா. பிறகு ஆசிரியர்களிடம் திரும்பி, தெளிவான இத்தாலியனில் சொன்னாள்: "இப்போது நீங்கள் பார்ப்பதுதான் ஃபியோர்டு. மொரேனா இல்லையென்றால் ஏரி இல்லை. பனியாறு ஆயிரக்கணக்கான வருடங்கள் தள்ளிச் சேர்த்ததை என் அம்மா இரண்டு நிமிடத்தில் துடைத்துவிட்டார்."

தலைமை ஆசிரியர் நனைந்த காற்சட்டையோடு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவள் விஞ்ஞானமே படிக்கப் போனாள்.

இன்றைக்கும் நான் வீடு கூட்டத் தும்புத்தடியைத் தூக்கினால் மனுசன் சோபாவில் கால்களைத் தூக்கிக்கொண்டு, "பிள்ளை, கடல் வருது!" என்று கத்துவார். நிலாவின் மேசையில் ஒரு போத்தல் நிறையச் சியாகுல்லி மண் இருக்கிறது. அதில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "அம்மா, இது குப்பை இல்லை." கிழமைக்கொருமுறை அந்தப் போத்தலைச் சுற்றித்தான் துடைக்கிறேன். கை துடிக்கத்தான் செய்கிறது.